மேஸ்திரி சொம்பில் ஒரு பிடி உப்பு

குவைத்தில் நான் வேலை பார்க்கும் ஆலையில் கடல்நீரைக் காய்ச்சிக் குடிநீர் எடுக்கிறார்கள். எஞ்சுகிற உப்புத் தண்ணீரைத் திரும்பக் கடலிலேயே கொட்டிவிடுகிறார்கள். மரக்காணத்து ஆள் ஒருவன் தினமும் நின்று இதைப் பார்ப்பதென்றால் எப்படியிருக்கும்! எங்கள் ஊரில் தண்ணீரை வெயிலுக்குக் கொடுத்துவிட்டு உப்பை வாரிக்கொள்கிறோம். வந்த புதிதில், குழாயைக் கண்ட இடத்திலெல்லாம் குடித்துக் குடித்து வயிறு நோகக் கிடந்தேன்.

உப்பளத்தில் ஏழு வருஷம் உழைத்தவன் நான். ஒரு பாத்தி உப்பை வாரி முடித்தால்தான் குடிக்கத் தண்ணீர் என்பது அங்கே மேஸ்திரி வைத்த சட்டம். அவனுக்கு மட்டும் பக்கத்திலேயே ஒரு பித்தளைச் சொம்பு எப்போதும் நிறைந்திருக்கும். ஒரு சித்திரை மத்தியானம் அவன் கண்ணயர்ந்த நேரத்தில், என்னோடு வேலை செய்த அஞ்சலை அக்கா அந்தச் சொம்பில் ஒரு பிடி உப்பைப் போட்டுவிட்டாள். எழுந்து மடக்கென்று குடித்தவன் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுத்தான். யார் செய்தது என்று நான் ஊரில் இருந்தவரை அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. அக்கா என்னிடம் மட்டும்தான் சொன்னாள்.

"தாகம்னா இன்னான்னு அவனுக்கும் தெரியட்டும். வாயத் தொறந்துடாதடா தம்பி."

நான் வாயைத் திறக்கவில்லை. எழுதினேன். குவைத்தில் கேம்ப் கட்டிலில் உட்கார்ந்து அதைச் சிறுகதையாக்கினேன். ஊரை மாற்றினேன், பெயரை மாற்றினேன். வலக்கை இருக்க நொட்டாங்கையால் பலகை பிடித்து உப்பு வாரும் அவள் பழக்கத்தை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. அதை எடுத்தால் கதையில் உயிர் போய்விடும் என்று எனக்குள் இருந்த பெரிய எழுத்தாளன் சொன்னான். நாசமாய்ப் போனவன்.

ஒருநாள் எங்கள் சூப்பர்வைசர், ஓர் அரபிக்காரர், நான் எழுதிக்கொண்டிருந்த தாளைப் பிடுங்கினார். கம்பெனி மேல் புகார் எழுதுகிறேன் என்று நினைத்துவிட்டார். "கிஸ்ஸா, கிஸ்ஸா" என்று பதறினேன். கதைதான் என்று தெரிந்ததும் சிரித்தபடி தாளைத் திருப்பித் தந்தார். கதையால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று அவரும் நம்பினார், நானும் நம்பினேன்.

கதை சென்னைப் பத்திரிகை ஒன்றில் வந்தது. அந்த நொட்டாங்கை பிரமாதம், கண்முன்னே நிற்கிறாள் என்று வாசகர்கள் எழுதினார்கள். நான் தரையில் நடக்கவில்லை. அடுத்த வாரம் ஊரிலிருந்து என் தம்பியின் கடிதம் வந்தது. உப்பள முதலாளி வீட்டுக்கும் அந்தப் பத்திரிகை போகுமாம். கதையைப் படித்துவிட்டு மேஸ்திரியைக் கூப்பிட்டு, "நம்ம அளத்துல நொட்டாங்கைக்காரி யாருடா?" என்று கேட்டிருக்கிறார். அன்றைக்கே அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வேறு எந்த அளத்திலும் அவளைச் சேர்க்கவில்லை. புருஷன் இல்லாதவள், இரண்டு பெண் பிள்ளைகள். அவள் சொன்னதையும் தம்பி அப்படியே எழுதியிருந்தான்:

"அவனுக்கு இன்னா, குவைத்துல குந்திக்கினு எழுதுவான். நான்தான இங்க இருக்கணும்?"

முதலாளி மேல் வந்த கோபத்தைவிட, கண்முன்னே நிற்கிறாள் என்று மெச்சியவர்கள் மேல் எனக்கு அதிகக் கோபம் வந்தது. மெச்சியதை நான்கு முறை படித்த என் மேல் வந்த கோபம் இன்றும் தணியவில்லை.

எமர்ஜென்சி முடிந்த வருஷம் லீவில் ஊருக்குப் போனேன். அக்காவைத் திரும்பச் சேர்க்காமல் விடுவதில்லை என்று நேரே அளத்துக்கு, முதலாளியிடம் போனேன். ஏழு வருஷத்தில் அவர் முன்னால் நான் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. இப்போது அவரே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வாங்க தம்பி, உக்காருங்க. கதை படிச்சேன். நல்லாத்தான் எழுதுறீங்க."

"அஞ்சலை அக்காவத் திரும்பச் சேத்துக்கணுங்க" என்றேன்.

"அது சரிப்பட்டு வராது தம்பி. அவ எப்படிப்பட்டவன்னு நீங்களேதான எழுதியிருக்கீங்க?"

அந்த நிமிஷமே எழுந்து வந்திருக்க வேண்டும். அவர் போட்ட நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். கூடையோடு வரப்பில் போன இரண்டு பெண்கள் எங்களைப் பார்த்துவிட்டு நின்றார்கள்.

"யாரு அது?" என்றாள் ஒருத்தி.

"தெரில. மொதலாளிக்கு வேண்டப்பட்டவங்க போல" என்றாள் மற்றவள்.