விலக்க மறந்த துகள்

அணுக்கருக்கள் மோதிச் சிதறும்போது துகள்கள் கூட்டமாக எந்தப் பக்கம் பாய்கின்றன என்று அளப்பது எங்கள் வேலை. ஒரு துகளை அளக்கும்போது, கூட்டத்தின் திசைக் கணக்கிலிருந்து அதை மட்டும் விலக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் பாய்ச்சல் பொய்யாகக் கூடித் தெரியும்.

நான் விலக்க மறந்திருக்கிறேன். அது தெரியாமல், ஜூனியர் சுதாவின் எண் என்னுடையதைவிடக் குறைவாக வந்ததற்காக அவளைப் போன வாரம் எல்லார் முன்னாலும் கடிந்துகொண்டேன்.

இன்று மீட்டிங்கில், "நம்ம கணக்குல ஒரு சின்னப் பிழை" என்றேன்.

திரும்பும்போது, திருவனந்தபுரம் கிழக்கேகோட்டை பஸ்ஸில், சுதா தன் மலையாளம் கலந்த தமிழில் மெதுவாகக் கேட்டாள்: "நம்ம பிழையா, அண்ணா? நான் விலக்கிட்டுத்தான் போட்டேன், கேட்டோ."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

துகளைச் சேர்க்கக் கூடாத இடத்தில் சேர்த்தேன். இன்று அவளையும்.

நாளை மீட்டிங்கில் 'நான்' என்று தொடங்க வேண்டும். பழக்கமில்லை. பழக்கமுள்ளவர்கள் யாராவது இருந்தால் முதல் வாக்கியத்தை எழுதிப் போடுங்கள்.