மைனஸ் முப்பதிலிருந்து வந்த அக்கா

போன மாதம் என் வீட்டு ஹாலில் உட்கார்ந்து ஒருவர் குளிரில் நடுங்கினார். எந்த ஊர்க்காரர் தெரியுமா? வின்னிபெக்! கனடாவிலேயே குளிருக்குப் பேர்போன ஊர்.

என் சொந்த அக்காதான்.

அம்மாவைக் கூட்டிப் போக வந்திருந்தாள். லண்டன் குட்மேய்ஸில் நானும் அம்மாவும் மட்டும். அம்மாவுக்கு ஆஸ்துமா இழுப்பு. ஒவ்வொரு குளிர்காலமும் இருமி இருமியே கழிகிறது. 'கொஞ்சக் காலம் என்னோட இருக்கட்டும்' என்று அக்கா நெடுநாளாகக் கேட்கிறாள். நான்தான் விடவில்லை. ஷிப்ட் முடிந்து, நின்று நின்று ஊரும் ரயிலில் வந்து சேருகிறவனுக்குக் கதவு திறக்க ஓர் ஆள் வேண்டாமா... இதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? அதனால் குளிரைச் சொன்னேன்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். நான் சொன்னால் அம்மா நம்புவார். வின்னிபெக்கில் மூச்சு விட்டால் கண்ணிமையில் பனி கட்டும் என்றேன். மூக்குக்குள் முடி விறைத்து ஒட்டிக்கொள்ளும். காரைக்கூடப் போனைப்போல இரவில் பிளக்கில் மாட்டி வைக்க வேண்டும், இல்லையென்றால் காலையில் எஞ்சின் எழும்பாது. எல்லாமே உண்மைதான்!

"மைனஸ் முப்பது அம்மா. சைபருக்குக் கீழ."

"சைபருக்குக் கீழ என்னடா கிடக்கு? சைபர் எண்டாலே ஒண்டுமில்லைத்தானே."

பட்டம் வாங்கியவன் பேச்சை மறுபடி கார் எஞ்சினுக்கே திருப்பினேன்.

அக்கா வந்த அன்று ஹீட்டர் போட்டேன். லண்டனில் நம் ஆட்கள் பலர் வீட்டில் ஹீட்டர் என்பது விருந்தாளிக்கு — வடையைப்போல. மற்ற நாட்களில் கேஸ் பில்லுக்குப் பயந்து 'இன்னொரு சுவெட்டரைப் போடுங்கோ'தான். மறுநாள் காலையில் அக்கா வீட்டு ஆளாகிவிட்டாள். ஹீட்டரை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனேன்.

திரும்பி வந்தால், பனிக்கென்று வாங்கிய பெரிய ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, மேலே போர்வையும் சுற்றியபடி இருந்தாள்.

"டேய் தம்பி, விறைச்சுப் போனன். உன்ர வீட்டில என்னெண்டு மனிசர் இருக்கிறது?"

"மைனஸ் முப்பதில இருந்து வந்த ஆள் கதைக்கிற கதையோ இது?"

"அது வெளியிலயடா! நாங்கள் என்ன ரோட்டிலயோ குடும்பம் நடத்திறம்? வீட்டுக்குள்ள பிள்ளையள் பெனியனோட ஓடித் திரியுதுகள்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. எதிரே அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோட், கம்பளித் தொப்பி, மடியில் சுடுதண்ணீர்ப் போத்தல். பின்னால் சுவர் மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம். நான் தினமும் பார்க்கிற காட்சிதான்... தினமும் பார்ப்பதாலேயே கண்ணில் படாத காட்சி.

"அம்மா எந்த நேரமும் இப்பிடியோ இருக்கிறவ?"

என்னை முந்திக்கொண்டு அம்மா பேசினார். "எனக்கு இது பழகிப்போச்சு பிள்ளை. அவன் பாவம், களைச்சு விழுந்து வாறவன்..." மிச்சத்தை இருமல் சொல்லிவிட்டது.

அதற்குமேல் என்ன வாதாட? அம்மாவின் பெட்டியை நானே கட்டினேன்.

தொலைதூரத்துக் குளிரென்றால் நமக்கு எவ்வளவு விவரம் தெரிந்திருக்கிறது! கண்ணிமை, மூக்கு, கார் எஞ்சின் என்று மணிக்கணக்காகப் பேசலாம். சொந்த ஹாலில் எத்தனை டிகிரி என்று யாராவது கேட்டால்?

நேற்று அம்மா வீடியோ காலில் வந்தார். ஜன்னலுக்கு வெளியே எல்லாம் வெள்ளை. அம்மாவோ மெல்லிய பருத்திச் சட்டையில். இருமல் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டேன். வரவில்லை.

"இஞ்ச வேர்க்குதடா தம்பி. நீ ஹீட்டரைப் போட்டனியோ?"

"ஓம் அம்மா," என்றேன் — கோட் தெரியாதபடி போனை முகத்துக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு.