எதிரே வருபவன் ஒதுங்க வேண்டுமாம்

முழங்கையில் போட்ட ஐந்து தையலுக்கு இன்று பழி தீர்த்துக்கொண்டேன்.

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் திரும்பிக்கொண்டிருந்தேன். பொழுது மங்கும் நேரம். எதிரே வந்த கார் அடித்த ஹைபீமில் எனக்கு ரோடே தெரியவில்லை. பைக்கோடு கருவேல முள்ளுக்குள் போய் விழுந்தேன். கார் நிற்கவில்லை. அதன் பம்பரில் நீலமாக எரிந்த இரண்டு கூடுதல் விளக்குகள் மட்டும் நினைவில் இருந்தன.

இன்று காலை அதே நீல விளக்குகள் என் ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்றன. கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியோடு ஒருவர் இறங்கினார்.

"தம்பி, பிரேக் பிடிக்க மாட்டேங்கு. சட்டுனு பேடு மாத்திக் கொடு, கல்யாணத்துக்குப் போகணும்."

கழற்றிப் பார்த்தேன். பேடு தேய்ந்து தகடு தெரிந்தது.

"இந்த நீல லைட்டு எதுக்கு அண்ணாச்சி?"

"கண்ணுல அடிச்சாத்தான் எதுத்தாப்ல வாரவன் ஒதுங்குவான்."

புதுப் பேடை ஒழுங்காகவே மாட்டினேன். அவருக்காக இல்லை, அவருக்கு எதிரே வருகிறவர்களுக்காக.

பிறகு காரை உள்ளே விட்டு, இருட்டாகட்டும் என்று ஷட்டரை இறக்கிவிட்டு, "லைட்டையும் பாத்துருவோம். செத்த நேரம் முன்னாடி நில்லுங்க" என்றேன். காரில் ஏறி எல்லா விளக்கையும் போட்டேன்.

"ஏலே, அணைல. கண்ணு தெரியல" என்று பின்னால் நகர்ந்தவர், கழிவு ஆயில் தட்டில் போய் உட்கார்ந்தார்.

"நானும் இப்படித்தான் அண்ணாச்சி ஒதுங்குனேன்" என்று தையலைக் காட்டினேன்.

வேட்டியில் பட்ட ஆயில் எதைப் போட்டால் போகும் என்று கேட்டார். தெரிந்தவர்கள் தயவுசெய்து கமெண்டில் சொல்லிவிடாதீர்கள்.