சுருட்டுக்குப் பதம் பார்த்த வருடம்

நான் ஒருநாளும் சுருட்டுக் குடித்ததில்லை. அந்த நாற்றம் வீட்டுக்குள் வந்தாலே யன்னலை அகலத் திறந்துவிட்டு, கேட்கவேண்டியவர் காதில் விழும்படி இரண்டு வார்த்தை சொல்லுகிற ஆள் நான். ஆனால் ஒரு சுருட்டைக் காதோரம் பிடித்து இரண்டு விரலால் மெல்ல அமத்தினால், அது காய்ந்துவிட்டதா, ஊறிப்போயிருக்கிறதா, குடிக்கிற பதத்தில் இருக்கிறதா என்று இன்றைக்கும் என்னால் சொல்லமுடியும். காய்ந்தது நொறுநொறுக்கும். ஊறியது வாயே திறக்காது. பதமானது அமத்தும்போது சற்று இறங்கி, விட்டதும் மெல்ல எழும்பும். இதையெல்லாம் மன்னாரில் இருந்த கடைசி வருடத்தில் படித்தேன். படிக்காமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

என் புருஷன் மன்னார்க் கச்சேரியில், அதுதான் அரசாங்கக் கந்தோரில், கிளாக்கர். வெள்ளைக்காரன் ஆண்ட காலம். தீவுக்கு ரயில் இன்னும் வரவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து பாய் கட்டிய வத்தையில் ஏறினால் காற்று விட்ட நேரத்துக்குத்தான் வந்துசேரலாம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கோட்டைக்குக் கிட்ட ஓர் அரசாங்க வீட்டில் நாங்கள் இரண்டு பேரும், அவருடைய இருமலும், என்னுடைய வாயும் குடியிருந்தோம்.

அவருக்குப் பாதி வேலை கந்தோரில், பாதி வேலை கடலுக்கு அப்பால் பெருநிலத்தில். மாரி காலத்தில் அடம்பன் பக்கம் போய், எந்த வயல் நிற்கிறது, எது வெள்ளத்தில் அழிந்தது என்று பார்த்துப் பதிந்துகொண்டு வரவேண்டும். அங்கேதான் குளிர்காய்ச்சல் அவரைப் பிடித்தது. முதல் வருடம் ஒரு தடவை நடுங்கினார். அடுத்த வருடம் மூன்று தடவை. அதற்கடுத்த மாரி முடிந்தபோது, கலியாணத்துக்குத் தைத்த கோட்டுக்குள் இன்னொரு ஆளையும் வைத்துப் பொத்தான் பூட்டலாம் போலிருந்தது. அப்போதிக்கரி அவருடைய வயிற்றை அமத்திப் பார்த்துவிட்டு, என்னை விறாந்தைக்குக் கூப்பிட்டார்.

"அம்மா, கொயினா மருந்து இனி இவருக்குக் கேக்காது. இன்னொரு மாரிக்கு அடம்பனுக்குப் போனாரெண்டால் ஆள் தப்பாது. யாழ்ப்பாணத்துக்கு மாத்தம் எடுத்துக்கொண்டு போங்கோ."

இடமாற்றம் கொடுப்பது மன்னாருக்குப் பொறுப்பான வெள்ளைக்கார ஏசண்டுத் துரையின் கையில் இருந்தது. என் புருஷன் அதற்கான மனுவை அன்றைக்கே எழுதினார். அழகான கையெழுத்து அவருக்கு. ஒரு சொல் சரியில்லை என்று மூன்று தடவை புதுத் தாளில் எழுதி, கடைசிப் பிரதியை அலுமாரியில் என் கூறைச்சேலைக்குக் கீழே வைத்தார். வைத்ததோடு சரி.

"கொண்டுபோய்க் குடுங்கோவன்," என்றேன்.

"இஞ்சாரும், வெறுங்கையோடை போய் ஒரு பெரிய மனுசன்ரை முன்னாலை நிக்கிறதோ?"

"அப்ப மாம்பழம் கொண்டு போங்கோ."

"மாம்பழம் எல்லாரும் கொண்டு போவினம். துரைக்குச் சுருட்டெண்டால் உயிர். நான் குடுத்தனான்தானே."

அந்தக் கதையை நான் நூறு தடவை கேட்டிருப்பேன். முந்தின வருடம் துரையோடு விடத்தல்தீவுக்குப் போயிருந்தபோது துரையின் சுருட்டு முடிந்துபோயிற்றாம். இவர் தன்னிடமிருந்த ஊர்ச் சுருட்டு ஒன்றை நீட்டினாராம். துரை அதைக் கடைசிவரை குடித்துவிட்டு "வெரி குட்" என்றாராம். அந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு என் புருஷன் ஒரு வருடம் சீவித்தார். நல்ல மனுசன், கோழை மனுசன். துரையிடம் போய் "எனக்குச் சுகமில்லை" என்று சொல்ல அவருக்கு வாய் வராது. சுருட்டுப் பெட்டியை நீட்டினால், மிச்சத்தைச் சுருட்டு சொல்லும் என்று நம்பினார்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரிலே பேர்போன ஒருவரிடம் சொல்லி நூறு சுருட்டுச் சுற்றுவித்தார். ஆனி மாதம் பெட்டி வத்தையில் வந்து இறங்கியது. பிரித்தபோது நானே மூக்கை உள்ளே விட்டுப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. அடுத்தநாள் கந்தோரிலிருந்து முகம் தொங்கி வந்தார். துரை லீவில் சீமைக்குக் கப்பல் ஏறிவிட்டாராம். ஐப்பசியில்தான் திரும்புவாராம். பதில் பார்க்கிற துரைக்கு மாற்றம் கொடுக்க அதிகாரம் இல்லை.

"ஐப்பசி மட்டும் இதைக் கெடாமல் வைச்சிருப்பீரோ?" என்று கேட்டார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஓம் என்றேன்.

சோளகம் வீசுகிற மன்னாரில் எதுவும் ஈரமாக நிற்காது. உலர்ந்த சூட்டுக் காற்று மணலையும் அள்ளிக்கொண்டு கதவிடுக்கால் வரும். பத்தாம் நாள் சுருட்டுகளின் மேலிலை வெடிக்கத் தொடங்கிற்று. ஈரத்துணியில் சுற்றி, மேலே வாழைத்தடல் துண்டுகள் வைத்து, பிஸ்கட் தகரத்துக்குள் அடைத்தேன். ஒரு கிழமை கழித்துத் திறந்தால் துணி பட்ட பக்கமெல்லாம் வெள்ளைப் பூஞ்சணம். இருபது போயிற்று. மிச்சத்தைத் துடைத்து, காயட்டும் என்று அலுமாரியின் மேல்தட்டில் வைத்தேன். ஓட்டுக்குக் கிட்ட என்பதால் அங்கே அடுப்படியிலும் பார்க்கச் சூடு. அந்தச் சூட்டுக்கு இலைக்குள் இருந்த பூச்சி குஞ்சு பொரித்து, சுருட்டுகளில் ஊசி குத்தினமாதிரித் துளை துளையாகப் போட்டுவிட்டது. இன்னும் இருபது போயிற்று.

பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் ராத்தா இருந்தா. அவவின் புருஷன் கருவாடும் சங்கும் வாங்கி விற்கிற வியாபாரி. நான் முற்றத்தில் பூச்சிச் சுருட்டுகளை எரித்துக்கொண்டு வாய்க்கு வந்ததையெல்லாம் திட்டிக்கொண்டிருக்க, வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா.

"என்ன புள்ள, ஆரை ஏசிக்கிட்டு நிக்கிறா?"

சொன்னேன். சிரித்தா.

"தண்ணியக் கொண்டு தண்ணிய அளக்க ஏலுமா? உப்புப் போடு. சிரட்டையில உப்பப் போட்டு, சேறு மாதிரி நனைச்சு, தகரத்துக்குள்ள ஒரு மூலையில வை. சுருட்டுல முட்டப்படாது. காத்துக் காஞ்சா உப்பு ஈரத்தக் குடுக்கும், மழை வந்தா ஈரத்த எடுக்கும். தகரத்தக் குளிர்ந்த நிலத்துல வை. அடிக்கடி துறந்து பாக்காத. மழை துவங்கினா தண்ணி ஊத்திராத, என்ன?"

செய்தேன். தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில், சீமெந்து நிலத்தில் தகரத்தை வைத்தேன். ஒரு கிழமைக்குப் பிறகு ஒன்றை எடுத்து அமத்தினேன். இறங்கியது, எழும்பியது.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது என்றுதான் சொல்லவேண்டும். சுருட்டு வேண்டாம், மனுவைக் கொண்டுபோங்கோ என்று சண்டை பிடித்த நான், கறி அடிப்பிடித்தாலும் உப்பு காய்ந்துவிட்டதா என்று பார்க்கத்தான் முதலில் ஓடினேன். அவர் படுக்கையில் நடுங்கிக்கொண்டு கிடந்தபடியே சுருட்டுகளைச் சுகம் விசாரிப்பார்:

"எப்பிடி இருக்கினம்?"

"உங்களிலும் பாக்கச் சுகமா இருக்கினம்," என்பேன். இரண்டு பேரும் சிரிப்போம்.

அறுபது சுருட்டும் ஆவணியைத் தாண்டின, புரட்டாதியைத் தாண்டின. ஐப்பசியில் முதல் மழையோடு துரை வந்து இறங்கினார். அடுத்தநாள் காலை என் புருஷன் முகம் வழித்து, கோட்டுப் போட்டு, மனுவை நீளமான உறையில் வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தார். நான் புது ரிப்பன் ஒன்றும் வாங்கி வைத்திருந்தேன், தகரத்தைச் சுற்றிக் கட்ட.

திறந்தேன். அமத்தினேன். இறங்கியது எழும்பவில்லை. இன்னொன்றை எடுத்தேன், மேலிலை என் விரலோடு உரிந்து வந்தது. முந்தினநாள் உப்பு சற்றுக் காய்ந்தமாதிரித் தெரிய, துரை வருகிற அவசரத்தில் ஒரு கை தண்ணீர் விட்டவள் நான்தான். அன்று பின்னேரமே மழை பிடித்தது. எல்லாம் ஊறிப்போயிருந்தன.

"சரி, அப்பிடியே கட்டும், கொண்டு போறன்," என்றார்.

"இதையோ? ஈரச் சாக்கு மாதிரிக் கிடக்கு. இதைக் குடுத்தால் துரை சிரிப்பான். நாலு நாள் பொறுங்கோ, நான் பதத்துக்குக் கொண்டு வாறன்."

அப்படிச் சொன்னது அவர் இல்லை, நான். அவர் என்னைப் பார்த்தார். அவருக்கு அது ஆறுதலாக இருந்ததை நான் கண்டேன். இன்றைக்குத் துரைக்கு முன்னால் போய் நிற்கத் தேவையில்லை என்ற ஆறுதல். கோட்டைக் கழற்றிக் கொளுவினார். மனு திரும்பவும் கூறைச்சேலைக்குக் கீழே போயிற்று.

மூன்றாம் நாள் கந்தோர்ப் பியோன் ஒரு தாளோடு வந்தான். மாந்தைப் பக்கம் வெள்ளமாம். அடம்பன் வயல்களை உடனே போய்ப் பார்க்கவேண்டுமாம். யாருக்குத் தெரியும் இவருக்குச் சுகமில்லை என்று? நாங்கள்தான் சொல்லவில்லையே. "போட்டு வாறன், வந்து சுருட்டோடை போவம்," என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார். அவர் போன அன்றைக்கு நான் இன்னொரு தடவை உப்பை மாற்றினேன். அடுத்தநாள் சுருட்டு பதத்துக்கு வந்துவிட்டது. இவ்வளவு நல்ல பதம் அதற்கு முன்னால் வந்ததேயில்லை.

ஐந்து நாள் கழித்து அவரை வண்டிலில் படுக்கவைத்துக் கொண்டுவந்து இறக்கினார்கள். என்னை அடையாளம் தெரியவில்லை. அப்போதிக்கரி வந்து பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனார்.

அடுத்தநாள் காலை நான் மனுவை மட்டும் எடுத்துக்கொண்டு துரை பங்களாவுக்கு நடந்தேன். தகரத்தை நினைக்கவேயில்லை. மழையில் நனைந்து, தலைமயிரிலிருந்து தண்ணீர் ஒழுக, படியில் நின்றேன். துரை வெளியே வந்தார். வாயில் பைப்பு. சீமைக்குப் போய்ச் சுருட்டை விட்டுவிட்டாராம். கந்தோரில் எல்லாருக்கும் அது தெரிந்திருந்ததாம். மனுவை நின்றபடியே வாசித்தார். உள்ளே போய்ப் பேனையை எடுத்துவந்து, ஓரத்தில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். பைப்பு அணைவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"இவர் ஏன் முன்னமே சொல்லவில்லை?" என்று தன் தமிழில் கேட்டார்.

சுருட்டுக்குப் பதம் வரவில்லை என்று நான் எந்தப் பாஷையில் சொல்ல? கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அன்று பின்னேரம் அவருக்குச் சற்றுத் தெளிவு வந்தது. தாளை முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டி, "மாத்தம் கிடைச்சிட்டுது. யாழ்ப்பாணம்," என்றேன். கையெழுத்தைத் தேடிப் பார்த்தார். பிறகு உதடு அசைந்தது.

"சுருட்டுப் பிடிச்சுதாமோ?"

"ஓம்," என்றேன். "வெரி குட் எண்டவர்."

"நான் சொன்னனானெல்லே," என்றார். முகம் முழுக்கச் சந்தோசம். எங்கள் கலியாணத்தில்கூட அவர் அப்படி நெஞ்சை நிமிர்த்தி என்னைப் பார்த்ததில்லை. மற்றநாள் மத்தியானம் போய்விட்டார்.

செத்தவீட்டுக்குக் கந்தோர் முழுக்க வந்தது. ஊரிலிருந்து ஆட்கள் வந்துசேர மழை விடவில்லை. பின்னேரமே அடக்கத்துக்குச் சேமக்காலைக்குக் கொண்டுபோவது என்று சுவாமியார் சொல்லிவிட்டார். பெரிய கிளாக்கர் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, வெத்திலைத் தட்டத்துக்குச் சுருட்டு வேணும். மழைக்குக் கடையிலை உள்ளதெல்லாம் ஊறிப்போச்சு. வீட்டிலை ஏதும் கிடக்கோ?"

தண்ணீர்க் குடத்துப் பக்கம் கையைக் காட்டினேன். தகரத்தைத் திறந்து, அறுபதில் நல்லதாக இருந்த எல்லாவற்றையும் வெற்றிலைக்கும் பாக்குக்கும் பக்கத்தில் அடுக்கி விறாந்தைக்குக் கொண்டுபோனார்கள். சற்று நேரத்தில் அந்த மணம் உள்ளே வந்தது. ஆண்கள் பேச்சை விட்டுவிட்டுக் குடித்தார்கள். யன்னல் திறந்துதான் இருந்தது. நான் எதுவும் சொல்லவில்லை.

வயதான ஒரு கிளாக்கர், சுருட்டும் கையுமாக வாசல்படிவரை வந்து நின்றார்.

"பிள்ளை, குறை நினையாதையுங்கோ. முப்பது வருசமா மன்னாரிலை இருக்கிறன், மாரியிலை இப்பிடியொரு சுருட்டுக் குடிச்சதில்லை. இதை என்னெண்டு பதமா வைச்சிருந்தனீங்கள்?"

பக்கத்தில் இருந்த பெண்கள் அவரை முறைத்தார்கள். ராத்தா என் கையைப் பிடித்து அழுத்தினா. நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவருக்குச் சொன்னேன். சிரட்டை உப்பைச் சொன்னேன். அது சேறுபோல இருக்கவேண்டும், சுருட்டில் முட்டக்கூடாது என்று சொன்னேன். தகரம் குளிர்ந்த நிலத்தில் இருக்கவேண்டும், மழை தொடங்கினால் ஒரு சொட்டுத் தண்ணீரும் விடக்கூடாது, தவறி விட்டுவிட்டால் உப்பை மாற்றி நாலு நாள் பொறுக்கவேண்டும் என்று, என் புருஷனின் தலைமாட்டில் இருந்துகொண்டு, ஒன்றையும் விடாமல், பெருமையாகச் சொன்னேன்.