என்ஜினை அணைக்காத வக்கீல்

பின்கதவு முழுதாகச் சாத்தப்படும் முன்பே வக்கீல் புருல் வண்டியைக் கிளப்பிவிடுவாள். ஏறிய கட்சிக்காரி இருக்கையில் விழுந்து, தலைத்துணியைச் சரிசெய்து, மூச்சு வாங்கி முடிப்பதற்குள் நாரின் கடைவீதி பின்னால் போயிருக்கும்.

"சொல்லு. மெத்தையெல்லாம் எங்க இருக்கு?"

இதுதான் முதல் கேள்வி. அடித்தானா, குடித்தானா, வேறொருத்தி இருக்கிறாளா என்பதெல்லாம் ஆற்றுப்பாலம் தாண்டிய பிறகு. கல்யாணத்துக்குத் தாய்வீட்டில் தைத்துக் கொடுத்த மெத்தைகள் புருஷன் வீட்டுச் சுவரோரம் இன்னும் அடுக்கிக் கிடந்தால், "கோவிச்சுக்கிட்டுப் போயிருக்கா, வந்துடுவா" என்று ஊர் சொல்லும். அவை லாரியேறித் தாய்வீடு திரும்பிவிட்டால் கதை முடிந்தது என்று பொருள். சட்டப் புத்தகத்தில் மெத்தை கிடையாது. ஆனால் சாட்சிக் கூண்டில் ஏறும் அண்டைவீட்டார் மெத்தையை வைத்துத்தான் பேசுவார்கள் என்பது புருலுக்குத் தெரியும்.

அவளுக்கு அலுவலகம் இல்லாமல் இல்லை. மருந்துக்கடைக்கு மேலே ஓர் அறை, பெயர்ப்பலகை, தண்ணீர் காணாத ஒரு கள்ளிச்செடி. ஆனால் நாரின் ஒரே நீளத் தெருவாகக் கிடக்கும் ஊர். ஒருபுறம் ஆறு, மறுபுறம் மொட்டை மலை. அந்த மாடிப்படியில் ஒரு பெண் காலை வைத்தால், அவள் இறங்குவதற்குள் மாமியாருக்குச் செய்தி போய்விடும். வாடகைக் காரில் ஏறுகிறவளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எனவே புருல் தன் தொழிலைக் காருக்குள் கொண்டுவந்துவிட்டாள். ஜப்பானிலிருந்து வந்த பழைய சாம்பல்நிற வண்டி. வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும் ஊரில் ஸ்டியரிங்கும் வலப்பக்கம் இருப்பதால் அவளுடைய ஜன்னல் எப்போதும் நடைபாதையை ஒட்டியே இருக்கும். அரைநிமிடம் வேகத்தைக் குறைத்து, ரொட்டி வாங்க நிற்பவளிடம் "வியாழக்கிழமை கோர்ட், மறந்துடாத" என்று சொல்லிவிட்டு நகர அது தோதாக இருக்கிறது.

அசல் பயணிகளும் ஏமாந்து ஏறுவதுண்டு. ஒருமுறை மாவுமூட்டையோடு ஒரு வாலிபன் கதவைத் திறந்தான்.

"அக்கா, கோச்கோருக்குப் போவுமா?"

"விவாகரத்துக்குப் போவுது. வர்றியா?"

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலையே!"

"அப்போ அப்புறமா வா."

புருலுக்கு நாற்பத்தேழு வயது. நல்ல உயரம். கோட்டுப் பையில் காய்ந்த தயிர் உருண்டைகள் கிடக்கும். வாய் ஓயாமல் ஒன்றைக் குதப்பிக்கொண்டே இருப்பாள். கதை கேட்கும்போது உருண்டை கன்னத்தில் அமைதியாகக் கிடந்தால் வழக்கு சாதாரணம். கடக்கென்று கடிபட்டால் பின்னிருக்கையில் இருப்பவள் பேச்சை நிறுத்திவிடுவாள். கோர்ட்டிலும் அவளால் ஓரிடத்தில் உட்கார முடியாது. எதிர்த்தரப்பு பேசும்போது ஜன்னலுக்குப் போவாள், திரும்புவாள், நாற்காலியின் முதுகைப் பிடித்து ஆட்டுவாள். அவள் கணவர் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். வீட்டில் சமையல் அவர்தான். நூடுல்ஸ் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி அறைக்கு அறை நடந்து சாப்பிடும் மனைவியைப் பார்த்து அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "வீட்டுக்குள்ள வரும்போதாவது என்ஜினை அணைச்சுட்டு வாயேன்."

எப்படி அணைப்பாள்? பாதிப் பேருக்குக் கல்யாணமே பதிவாகியிருக்காது. "முல்லா ஓதினாரு, ஆடு அறுத்தாங்க, ஊரே சாப்பிட்டுச்சு, பதிவு ஆபீசுக்கு மட்டும் ஒருத்தருக்கும் கால் வரல, அப்படித்தானே?" என்பாள் புருல். பிழைக்கப்போன புருஷன்மார் மாஸ்கோவில். சட்டை மாற்றுவதுபோல் போன் நம்பரை மாற்றுகிறார்கள். ஜீவனாம்சம் கேட்டுப் போனால் வீடு அப்பன் பெயரில், மாடு தம்பி பெயரில், கார் நண்பன் பெயரில். "கோர்ட்ல வந்து நின்னா அவன் பேர்ல இருக்கறது அவன் மீசை மட்டுந்தான். அதையா ஜப்தி பண்றது?"

போன குளிர்காலத்தில் ஜிபார் ஏறினாள். தையல் வேலை பார்க்கிறவள். விரல் நுனியெல்லாம் ஊசித் தழும்பு. மெத்தைக் கேள்விக்கு அவள் சொன்ன பதில் புருலை முதல் வளைவிலேயே பிரேக் போட வைத்தது.

"மெத்தையெல்லாம் வந்துடுச்சு அக்கா. புள்ளதான் வரல."

தலைப்பிள்ளையைத் தாத்தா பாட்டிக்குக் கொடுப்பது இந்த மலைப்பக்கத்து வழக்கம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே மாமியார் உம்சுனை குழந்தையைத் தன் மடிக்கு வாங்கிக்கொண்டாள். பிறப்புப் பதிவிலும் தாய் என்று தன் பெயரையே எழுதவைத்தாள். பதிவு செய்தவருக்கு அவளுடைய வயது தெரியாதா? தெரியும். அவரும் ஊர்க்காரர், வாழ்த்துச் சொல்லி முத்திரை குத்தினார். எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருந்தவரை யாருக்கும் எதுவும் உறுத்தவில்லை. ஜிபார் பால் கொடுத்தாள், உம்சுனை தாலாட்டினாள். குழந்தை அகிலாய் பேசத் தொடங்கியபோது பாட்டியை அம்மா என்றது. வீட்டிலிருந்த மற்றவர்கள் கூப்பிடுவதைக் கேட்டு, பெற்றவளை அண்ணி என்றது. பிறகு மாமனார் இறந்தார். மகன் மக்சாத் மாஸ்கோவில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். ஜிபார் வெளியேறினாள், அகிலாய் அங்கேயே நின்றுவிட்டாள்.

"உன் புள்ளைக்கு நீ காகிதத்துல அண்ணி," என்றாள் புருல். "விவாகரத்து வாங்கிட்டா அதுவும் இல்ல. வழியில போற பொம்பள."

"நான் பெத்தேன் அக்கா. ஊருக்கே தெரியும்."

"ஊருக்குத் தெரியும். கோர்ட்டுக்குத் தெரியாது."

கடக். தயிர் உருண்டை உடைந்தது.

குழந்தையின் எச்சிலை எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பலாம் என்றால், அதற்குத் தாயின் சம்மதம் வேண்டும். சட்டப்படி தாய் உம்சுனை. அவள் மாட்டேன் என்றாள். முதல் விசாரணையில் நீதிபதி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "இதுல என்ன குறை? நானே பாட்டி பிள்ளைதான்" என்று சிரித்தார். எழுத்தர் சிரித்தார், வாயிற்காவலர் சிரித்தார். அந்த அறையில் பாதிப்பேர் பாட்டி பிள்ளைகள். புருல் ஜன்னலோரத்திலிருந்து திரும்பினாள்.

"உங்களைப் பெத்தவங்க இந்தக் கோர்ட்டுக்கு வந்தா எங்க உக்காரவைப்பீங்க ஐயா? பார்வையாளர் பெஞ்சுலயா?"

சிரிப்பு நின்றது. வழக்கு மட்டும் தள்ளிப்போயிற்று.

புருலும் அப்படி வளர்ந்தவள்தான். பெற்றவளை இன்றைக்கும் 'சாலிமா அக்கா' என்றே கூப்பிடுகிறாள். அதைப் பற்றி யாராவது கேட்டால் கியரை மாற்றுவாள்.

ஆனால் அதனாலேயே அவளுக்கு இந்த வழக்கில் நிம்மதி இல்லை. ஒருநாள் ஜிபாரை ஏற்றிக்கொண்டு ஊரைத் தாண்டிப் பனி உருகும் மேட்டுவழிவரை ஓட்டினாள்.

"ஜெயிச்சா என்ன பண்ணுவ?"

"பிஷ்கெக் பட்டணத்துக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். நான் சேரப்போற தையல்கூடத்துக்குப் பக்கத்துலயே பள்ளிக்கூடம். இந்த ஊர் மண்ணு அவ கால்ல படக்கூடாது."

"கோடையில கெழவிகூட மேய்ச்சல் மலைக்கு அனுப்புவியா? குதிரைப்பால், கூடாரம், அதெல்லாம் பழகின புள்ள."

"எதுக்கு அனுப்பணும்? என் புள்ள!"

"உன் புள்ளன்னு கோர்ட் சொல்லிடும்டி. புள்ள சொல்லணும்ல?"

ஜிபார் கதவுப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் ஒரு கிழவி கையை நீட்டினாள். புருல் நிறுத்தினாள். வெள்ளைத் தலைத்துணி, வெல்வெட் கோட்டு. உம்சுனை. யாருடைய வண்டி என்று தெரியாமல் ஏறியவள்போல முன்னிருக்கையில் உட்கார்ந்து, "கடைவீதிவரைக்கும் போம்மா" என்றாள்.

"பெரியம்மா, எதிர்க்கட்சிய நான் ஏத்தக்கூடாது. உங்களுக்கு வேற வக்கீல் பாருங்க."

"வக்கீலா? நான் பஸ்ஸுக்குத்தான் நின்னேன்."

"சரி. கடைவீதிவரைக்கும்."

வண்டி முதல் வளைவைத் தாண்டியது. கிழவிதான் பொறுக்க முடியாமல் ஆரம்பித்தாள்.

"பெத்த மவன் அங்க போயி ஒட்டிக்கிட்டான். கெழவன் மண்ணுக்குள்ள. இவளையும் தூக்கிட்டுப் போனா, காலையில அடுப்ப யாருக்காக மூட்டுவேன்? நீயே சொல்லு. நீ யாரு வளர்த்த புள்ளன்னு எனக்குத் தெரியாதா? உன் பாட்டிய எனக்குத் தெரியும்டி."

புருல் கியரை மாற்றினாள். தேவையில்லாமல் இன்னொருமுறையும் மாற்றினாள். கடைவீதி வந்தது. நிற்காமல் அதைச் சுற்றி மறுபடி ஆற்றுப்பக்கம் திரும்பினாள்.

"நான் யோசனை சொல்லக்கூடாது பெரியம்மா. ஒண்ணு மட்டும் கேக்கறேன். நீங்க பெறலன்னு சொல்லணும், அவ்வளவுதான் கோர்ட்டுக்கு வேணும். வளர்க்கலன்னு யாரு சொல்லச் சொன்னா?"

வண்டி மறுபடி கடைவீதிக்கு வந்ததும் கிழவி இறங்கினாள். வண்டிக்கூலி என்று சொல்லி இருக்கையில் ஒரு பொட்டலம் பொரித்த மாவுருண்டைகளை வைத்துவிட்டுப் போனாள். புருல் அதைத் தொடவில்லை. மாலையில் கணவர் எடுத்துத் தின்றுவிட்டு, "யார் வீட்டுக் கைப்பக்குவம்? பிரமாதம்" என்றார். "எதிர்க்கட்சி" என்றாள் புருல்.

ஏப்ரல் சேற்றில் கடைசி விசாரணை. உம்சுனை கோர்ட்டுக்கு வந்ததே வாழ்க்கையில் இரண்டாவது முறை. பூட்ஸுக்கு மேல் மாட்டும் ரப்பர் காலணிகளை, யார் வீட்டுக்கோ விருந்துக்கு வந்தவள்போல, அறைவாசலிலேயே கழற்றி வரிசையாக வைத்துவிட்டு உள்ளே போனாள். காவலர் வாயைப் பொத்திக்கொண்டார். அகிலாய் அண்டைவீட்டுப் பெண்ணோடு வெளியே பெஞ்சில் கால் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"இந்தக் குழந்தையை நீங்கதான் பெத்தீங்களா?" என்று கேட்டார் நீதிபதி.

கிழவி ஜிபாரைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த கொடியைப் பார்த்தாள். ஜிபாரின் விரல்கள் பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தன. புருல் நாற்காலியின் முதுகைப் பிடித்து நின்றாள்.

"நான் பெறல."

எழுத்தரின் பேனா ஓடியது.

"ஆனா அம்மை போட்டப்ப பக்கத்துல கெடந்தது நான். முதப் பல்லு விழுந்தப்ப, புதுப் பல்லு உறுதியா மொளைக்கணும்னு அத நாய்க்குக் கொழுப்புல வச்சுக் குடுத்தது நான்."

"அதைக் கேக்கல அம்மா."

"நான் சொல்றேன். எழுதிக்குங்க."

எழுத்தர் நீதிபதியைப் பார்த்தார். நீதிபதி புருலைப் பார்த்தார். தன் கட்சிக்காரிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை என்று தெரிந்தும் புருல் சொன்னாள்:

"எழுதட்டும் ஐயா. உண்மைதானே."

எழுதினார்கள். தாயின் பெயரை மாற்ற உத்தரவானது, குழந்தை ஜிபாருடையது. கிழவி நாற்காலியின் கையைப் பிடித்து மெல்ல எழுந்தாள்.

கதவு திறந்ததும் அகிலாய் பெஞ்சிலிருந்து குதித்து ஓடிவந்தாள். ஜிபார் இரண்டு கைகளையும் விரித்துக் குனிந்தாள். குழந்தை அந்தக் கைகளைச் சுற்றிக்கொண்டு போய்ப் பாட்டியின் கழுத்தில் தொற்றியது.

"அம்மா, போலாமா? எனக்குப் பசிக்குது."

உம்சுனை அவளை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். இறக்கிவிட மனமில்லை, குனியவும் முடியவில்லை. ஒரு காலால் தரையைத் தடவி ரப்பர் காலணிகளைத் தேடினாள். சேற்றுக்காலோடு ஆட்கள் போய்வந்ததில் அவை சுவரோரம் சிதறிக் கிடந்தன. ஜிபார் விரித்த கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் அப்படியே நின்றாள்.

புருல் வழக்குக் கோப்பைப் பெஞ்சில் போட்டாள். நடைகூடத்தின் நடுவில், எல்லோரும் பார்க்க, கிழவியின் முன் மண்டியிட்டு ஒரு காலணியைத் துடைத்து மாட்டிவிட்டாள். மற்றதை எடுத்து ஜிபாரின் பக்கம் நீட்டினாள். அவள் அதை வாங்கும்வரை முழங்காலிலேயே அசையாமல் இருந்தாள்.