முகத்துவாரத்தை நோக்கிப் போன படகு

போன வருடம் ஒரு ஞாயிறு மாலை, நண்பரின் சிறிய மோட்டார் படகில் நானும் என் கணவரும் மரக்காணம் உப்பங்கழியில் சுற்றிக்கொண்டிருந்தோம். கரையில் உணவுத் திருவிழா நடப்பதைப் பார்த்ததும் படகைக் கட்டிவிட்டு இறங்கினோம்.

கோட்டக்குப்பத்து அக்கா ஒருவரின் கடையில் நண்டு வறுவல் வாங்கினேன். தண்ணீர் பாட்டில் எடுக்கப் போன கணவர் படகில் ஏறியதும் கயிறு அவிழ்ந்துவிட்டது. நீரோட்டம் படகை முகத்துவாரத்தை நோக்கி இழுத்தது. மோட்டார் கிளம்பவில்லை. அவருக்கு நீச்சலும் தெரியாது.

நான் அலறினேன். அக்கா திருவிழா மேடைக்கு ஓடி மைக்கை வாங்கினார்.

"ஒருத்தர் படகோட அடிச்சிக்கினு போறாரு! ஜல்தி வாங்க!"

சாப்பிட்டுக்கொண்டிருந்த மீனவர்கள் இருவர் எச்சில் கையோடு தங்கள் படகை எடுத்தார்கள். நின்றிருந்த படகுகளுக்கு நடுவே அவர் எங்கே என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

"அவரப் பாத்துக்கினே கைய நீட்டும்மா. கண்ண எடுத்துடாத," என்றார் அக்கா.

நீட்டினேன். அலைநுரைக்கு அருகே படகு புள்ளியாக ஆடியது. கையை இறக்கினால் அவர் போய்விடுவார் என்று பயந்தேன். கை ஓய்ந்து தாழ்ந்தபோது அக்கா என் முழங்கையைத் தாங்கிப் பிடித்தார்.

மீனவர்கள் என் கை காட்டிய திசையில் போய், கயிறு வீசி இழுத்து வந்தார்கள். கரையேறியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"குதிச்சிடலாம்னு நெனச்சேன். உன் கை தெரிஞ்சிக்கினே இருந்துச்சி, அதான் குதிக்கல."

"அது என் கை மட்டும் இல்லீங்க," என்று அக்காவைக் காட்டி அழுதேன்.

இன்னும் கடலைக் கண்டால் எனக்குப் பயம்தான். ஆனால் பயந்து நிற்பவர்களிடம் இப்போதெல்லாம் நான் 'பயப்படாதீங்க' என்று சொல்வதில்லை. செய்வதற்கு ஏதாவது ஒரு வேலை கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நிற்கிறேன்.