ஹால்ல நின்ன பைக்கும் டெர்னாவோட காலும்

"இந்த வீட்ல எனக்குக் கால் நீட்ட இடமில்ல."

டெர்னா இதை எப்போ சொல்வாங்கன்னு கேக்கக் கூடாது, எப்போ சொல்லாம இருப்பாங்கன்னு கேக்கணும். அடுப்புல காப்பி பொங்கும்போது சொல்வாங்க. மாவு தேய்க்கும்போது உருட்டுக் கட்டையை நிறுத்திட்டுச் சொல்வாங்க. சர்ச்ல பாதிரியார் அப்பம் நீட்டினப்போ ஆமென்னு சொல்ல வேண்டிய எடத்துல இதைத்தான் சொன்னாங்கன்னு பக்கத்து வீட்டு இஸிடே ஊர் பூரா சொல்லிட்டுத் திரிஞ்சா. பொய்யாத்தான் இருக்கும், ஆனா யாரும் மறுக்கல. சொல்ற விதம் என்னிக்கும் ஒண்ணுதான். கை ரெண்டும் இடுப்புல, கண்ணு தரையில, குரலு டியூப்ல காத்து எறங்குற மாதிரி.

சும்மா சொல்லல அந்தம்மா. பக்கத்து ஊரு கட்டோலிகாவுல கடலோர ஹோட்டல் ஒண்ணுல துணி இஸ்திரி போடுற வேலை. ஈஸ்டருக்கு நின்னாங்கன்னா, கடைசி ஜெர்மன்காரன் கடற்கரைக் குடையை மடக்கிட்டுக் கெளம்புற வரைக்கும் நிக்கணும். ஊரான் படுக்கிற விரிப்பு, ஊரான் தல வைக்கிற உறைன்னு நாள் பூரா நீவி நீவி மடிச்சு வச்சுட்டு, சாயங்காலம் வீங்கின காலைத் தூக்கிட்டு வீட்டுக்கு வருவாங்க. கொஞ்சம் சாயலாம்னு ஹாலுக்குப் போனா, சோபா இருந்த எடத்துல பைக் நிக்கும்.

சாதா பைக் இல்ல. ட்ராக்ல ஓட்டுறதுக்குன்னே செஞ்ச ஸ்பெஷல் எடிஷன். ஹேண்டில்பார் நடுவுல நம்பர் பொறிச்சிருக்கும், அந்த நம்பர் போட்ட பைக் உலகத்துல வேற கிடையாது. லைட் கிடையாது, பக்கக் கண்ணாடி கிடையாது. ரோட்டுல எடுத்துட்டுப் போய் ஒரு ரொட்டிகூட வாங்கிட்டு வர முடியாது, போலீஸ் புடிச்சிடும். டெர்னாவோட வீட்டுக்காரர் நெவியோ காலம் பூரா டவுன் பஸ் ஓட்டினவரு. ஊர்ல பட்டப்பேரே "பஸ்ஸு"தான். ரிடையர் ஆனப்போ கைக்கு வந்ததை அப்படியே இதுல கொட்டிட்டாரு. கராஜ்ல வச்சா கடல் காத்துல உப்பு ஏறிடுமாம். அதனால பைக் ஹாலுக்கு வந்துச்சு, சோபா நெவியோவோட தங்கச்சி வீட்டுக்குப் போச்சு.

எங்க ரிமினி பக்கம் எல்லாருக்கும் பைக் பைத்தியம், ஹால்ல பைக் நிக்கிறது ஒண்ணும் அதிசயமில்ல. ஆனா இந்த பைக் ட்ராக்கைக் கண்ணால பாத்ததே இல்ல. இத்தனைக்கும் ட்ராக் வீட்டுக்குப் பின்னால, வயலைத் தாண்டினா வந்துரும். சீட்டு மேல கம்பெனிக்காரன் ஒட்டின பிளாஸ்டிக் தாளைக்கூட நெவியோ உரிக்கல.

ஞாயித்துக்கிழமை மட்டும் அதுக்கு ஒரு பூசை உண்டு. விருந்தாளிங்க சூப்புல மெதக்குற கப்பெல்லெத்திக் கொழுக்கட்டையை வழிச்சுத் தின்னுட்டு ஹாலுக்கு வருவாங்க. நெவியோ ஜன்னலைத் தொறந்து வச்சுட்டு இஞ்சினை ஸ்டார்ட் பண்ணுவாரு. அலமாரில டம்ளரெல்லாம் நடுங்கும், எல்லாரும் கைதட்டுவாங்க, சமையல்கட்டுல டெர்னா தட்டு கழுவிட்டு இருப்பாங்க. அவங்க அம்மா கல்யாணத்துக்குப் பின்னிக் குடுத்த ஜன்னல் திரை அந்தப் பொகையிலயே கருத்துப் போச்சு.

"எப்பய்யா பஸ்ஸு, இதை ட்ராக்ல எறக்குவ?"ன்னு யாராவது கேட்டா, நெவியோ டாக்டர் நாடி புடிக்கிற மாதிரி டயர்ல கைய வச்சு, கண்ண மூடி, உதட்டைப் பிதுக்குவாரு. "டயர் இன்னும் சூடாகல. சூடாகாம எடுத்தா வழுக்கும்."

டயரைச் சூடாக்கறதுக்குன்னு கரண்ட் போர்வை வேற வாங்கி வச்சிருந்தாரு. குளிர்காலத்துல ஒரு நாள் அதை டயர்ல சுத்தி வச்சிருந்தப்போ, டெர்னா சமையல்கட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு மெதுவா காலை அது மேல வச்சாங்க. அப்படி ஒரு எதம். கண்ணு சொருகுறதுக்குள்ள நெவியோ ஓடி வந்துட்டாரு. ரப்பர் கெட்டுடும், காலை எடுன்னாரு. டெர்னா எடுத்துட்டாங்க. சண்டை போடக்கூட ஒடம்புல தெம்பில்ல.

போன அக்டோபர்ல கால் நரம்புக்கு ஆபரேஷன் ஆச்சு. படுத்து, காலை ஒசத்தி வச்சே இருக்கணும், இல்லைன்னா திரும்பவும் வீங்கும்னு டாக்டர் கண்டிப்பாச் சொல்லி அனுப்பிட்டாரு. மாடியில இருக்கிற படுக்கையறைக்குப் படியேறவும் கூடாது. நெவியோ ஒண்ணும் பொல்லாத மனுஷன் இல்ல. சமையல்கட்டுல ரெண்டு மர நாற்காலியை எதிரெதிரா போட்டு, மேல துண்டை விரிச்சு, "எப்படி?"ன்னு கேட்டாரு. பைக்கை நகத்தலாம்ங்கிற நெனப்பே அவருக்கு வரல.

டெர்னா அந்தக் கட்டை நாற்காலில கெடந்து யோசிச்சாங்க. வித்துடுன்னா மனுஷன் அழுதுடுவாரு. ஆனா ஒரு தடவை ட்ராக்ல ஓடிட்டா பைக் பழசாயிடும், பழசானது கராஜுக்குப் போகலாம். அவ்வளவுதான் அவங்க கணக்கு.

கட்டுப் போட்ட காலோட தாங்கித் தாங்கி முக்குல இருக்கிற பாருக்குப் போனாங்க. நெவியோ கூட்டாளிங்களோட சீட்டாடிட்டு இருந்தாரு. பக்கத்துல குவால்தியேரோ, ட்ராக்ல டயர் மாத்துற ஆளு.

"குவால்தியேரோ, ஒன்கிட்டயும் டயர் சூடாக்குற போர்வை இருக்கா?"

"அது மட்டுந்தான் இருக்கு டெர்னா. பொண்டாட்டி போயிட்டா, போர்வை தங்கிடுச்சு."

"சனிக்கிழமை ட்ராக்ல யாரு வேணா ஓட்டலாமாமே. நெவியோ வர்றாரு. டயர் சூடா இருக்கணும்."

பாதிரியார்கிட்ட சொன்ன சொல்லை மாத்தலாம், பொண்டாட்டிகிட்ட சொன்னதை மாத்தலாம், அந்த மேசையில விழுந்த சொல்லை மட்டும் எங்காளுங்க மாத்த மாட்டாங்க. நெவியோ கையில இருந்த சீட்டையே பாத்துட்டு இருந்தாரு. வரலைன்னா இனிமே ஒன் பேரு பஸ்ஸு இல்ல, பஸ் ஸ்டாண்டுன்னான் எதுக்க இருந்தவன்.

சனிக்கிழமை காலைல நெவியோ பைக் சீட்டு மேல இருந்த பிளாஸ்டிக் தாளை உரிச்சாரு. காயத்துல பிளாஸ்திரி பிய்க்கிற மாதிரி சத்தம். தோல் சட்டையோட ஜிப்பு வயித்தைத் தாண்டி ஏறல. நீ வரலையான்னு கேட்டாரு. டாக்டர் நடக்கக் கூடாதுன்னாருன்னு டெர்னா சொன்னாங்க. அது நெசந்தான்.

குவால்தியேரோவோட வேன் தெருமுனை திரும்பினதும் டெர்னா நாத்தனாருக்குப் போனைப் போட்டாங்க. சோபா வந்துச்சு, நாத்தனார் வீட்டுப் பூனை முடியோட. பைக் நின்ன எடத்துலயே போட்டு, தலகாணி ரெண்டை அடுக்கி, காலைத் தூக்கி வச்சாங்க. ஜன்னல் தொறந்தே இருந்துச்சு.

அந்தச் சத்தம் வந்துச்சு. எத்தனை ஞாயித்துக்கிழமை கேட்ட சத்தம், நூறு பைக்குக்கு நடுவுலயும் அவங்களுக்குத் தெரியும். மெதுவா போச்சு, பஸ் நிறுத்தம் பாத்துப் போற மாதிரி. மத்ததெல்லாம் விர்ருவிர்ருன்னு அதைத் தாண்டிப் போச்சு. ஒரு சுத்து வந்துச்சு. அப்புறம் சட்டுனு நின்னுடுச்சு.

டெர்னா காத்திருந்தாங்க. திரும்பக் கேக்கல. டாக்டர் சொன்னதெல்லாம் மறந்து எழுந்து, சுவத்தைப் புடிச்சுட்டே ஜன்னலுக்குப் போய் நின்னாங்க. வயலு மட்டுந்தான் தெரிஞ்சுது. சோபாவுக்காக மனுஷனையே அனுப்பி வச்சுட்டேனேன்னு நெத்தியில அடிச்சுக்கிட்டாங்க.

போன் அடிச்சுது. குவால்தியேரோதான். ஒண்ணும் ஆகல டெர்னா, ஒன் ஆளு ட்ராக்கை விட்டு வந்து நிறுத்திட்டுத்தான் பைக்கோட விழுந்தாரு, இடுப்பு புடிச்சுக்கிச்சு, கால் ஊன முடியல, வலது பக்கம் பூரா கீறல், பைக்கைச் சொல்றேன்னு ஒரே மூச்சுல சொல்லி முடிச்சான்.

சாயங்காலம் டெர்னா திரும்பவும் சோபாவுல காலை நீட்டி, கண்ண மூடிப் படுத்திருந்தப்போ நெவியோ வந்தாரு. ஜிப்பு தொறந்து, முடி நெத்தியில ஒட்டி. சோபாவைப் பாத்தாரு. பைக்கை கராஜ்ல போடச் சொல்லிட்டேன், கீறல் விழுந்ததுக்கு உப்பு பட்டா என்னன்னு அவரா சொன்னாரு. எல்லாரும் தாண்டிப் போனாங்களாம். ஒரு பொண்ணு கை காட்டிட்டே போனாளாம். ஆனா டயர் நல்ல சூடாம், ரோட்டைக் கவ்விப் புடிச்சுதாம்.

இடுப்பைப் புடிச்சுட்டு சோபாவையே பாத்தாரு. அப்புறம் கெஞ்சற மாதிரி கேட்டாரு: "டெர்னா, காலைக் கொஞ்சம் மடக்கிக்கயேன். நானும் உக்காந்துக்கறேன்."

டெர்னா கண்ணத் தொறக்கல.

"என் கால் இன்னும் சூடாகல, நெவியோ. சூடாகாம எடுத்தா வழுக்கும்னு நீதானே சொல்லுவ. சமையல்கட்டுல ரெண்டு நாற்காலி எதிரெதிரா கெடக்கு பாரு, துண்டுகூட விரிச்சுத்தான் இருக்கு. போய்ப் படு."